எட்டுக்குப் பெட்டி இல்லை

பாட்டில்களை அனுப்பும் அட்டைப் பெட்டிகளை வடிவமைப்பது என் வேலை; எட்டு பாட்டில் ஆர்டருக்குத் தனிப் பெட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான். இன்று மறுபடி கேட்டாலும் பெரும்பாலும் அதையேதான் சொல்வேன். அப்புறம் ஏன் இதை எழுதுகிறேன் என்றால், ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில் அந்த முடிவு சரிதான் என்று எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது பேக்கிங் சூப்பர்வைசர் அண்ணா சொன்ன ஒரு வரி. "பாத்தீங்களா மேடம், நீங்க சொன்ன மாதிரியே எட்டு கொறஞ்சிருச்சு." பாராட்டினாரா, குத்திக் காட்டினாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

90 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி பாட்டில். ஆர்டர் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எந்த எண்ணிக்கையிலும் வரும், அதற்கு மேல் போனால் பெட்டிகள் கூடும், அவ்வளவுதான். நான் வருவதற்கு முன்பு கைக்குக் கிடைத்த அட்டைப் பெட்டியில் போட்டு, மிச்ச இடத்தில் காகிதத்தைத் திணித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வகைகளைக் குறைக்க வேண்டும், ஆனால் எந்த எண்ணிக்கை வந்தாலும் பொருந்த வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஆரம்பிக்கிற இடத்தில்தான் நானும் ஆரம்பித்தேன்: 600×400 மில்லிமீட்டர் அடிப்பரப்பு. பெட்டிகளை அடுக்கி ஏற்றும் பலகைத் தட்டான பேலட், 1200×800 அளவில் இருந்தால் ஒரு அடுக்குக்கு நான்கு உட்காரும். 1200×1000 பேலட்டில் மூன்றை ஒரு திசையிலும் இரண்டை மறு திசையிலும் திருப்பி வைத்தால் ஐந்து, ஓரத்தில் துளி இடம் மிஞ்சாது. அதைப் பாதியாக்கினால் 400×300, இன்னொரு முறை பாதியாக்கினால் 300×200. நடுவில் தடுப்பு அட்டை போட்டு பாட்டில் கணக்கில் பார்த்தால் 24, 12, 6. ஒன்றிரண்டுக்கு ஒரு சின்னப் பெட்டி. ஆக மொத்தம் நான்கே வகை. வரைந்து முடித்தபோது இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு அமையுமா என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் கொஞ்சம் சந்தேகம்.

மாதிரிப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது அண்ணா ஒவ்வொன்றையும் மடித்துப் பார்த்தார், மூலைகளை அமுக்கிப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். அப்புறம்தான் கேட்டார்.

"எட்டுக்கு ஒண்ணு குடுத்துருங்க மேடம்."

"எட்டு அவ்வளவா வர்றதில்லையே அண்ணா."

"கம்மிதான். ஆனா வந்தா எங்க கையிலதான வருது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் ஆர்டர் பட்டியலை எடுத்துக் காட்டினேன், எட்டு எவ்வளவு அரிது என்று அதில் தெளிவாக இருந்தது. அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து என் பெரிய பெட்டியின் மேல் வைத்து, 400-க்கு 200 என்று அளந்து காட்டினார். நாலு பாட்டில் நீளம், ரெண்டு பாட்டில் அகலம். 600×400-க்குள் அப்படி மூன்று கச்சிதமாக உட்காரும். மூவெட்டு இருபத்து நாலு. அதாவது என் கணக்கை உடைக்காமலேயே அவர் கேட்ட பெட்டி அதற்குள் பொருந்தியது. எனக்கு அது ஏற்கெனவே தெரியும், ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அளவு இடிக்கிறது என்று சொல்ல வழியில்லாததால் வேறு காரணங்களைச் சொன்னேன். எல்லாமே உண்மையான காரணங்கள்தான், அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வகை கூடினால் அதற்குத் தனி டை (அட்டையை வெட்டும் அச்சு), தனி அச்சுத் தகடு, சப்ளையர் கேட்கிற குறைந்தபட்ச ஆர்டர், கிடங்கில் ஒரு வரிசை இடம், பேக்கிங் மேசையில் ஒவ்வொரு முறையும் எதை எடுப்பது என்று இன்னொரு யோசனை. அரிதாக வரும் எண்ணிக்கைக்காக வாங்கிய அட்டை ஈரம் ஏறி, வேண்டிய நேரத்தில் வலுவிழந்து கிடக்கும். இன்னொன்று, அட்டைப் பெட்டியின் தாங்குதிறனில் பெரும்பங்கு அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது, மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் மூலை மேல் நேராக உட்கார்ந்தால்தான் அந்த வலு முழுதாகக் கிடைக்கும். அடிப்பரப்பு வேறுபடும் பெட்டிகளைக் கலந்து அடுக்கினால் மூலை நடுப்பலகையில் இறங்கி, கீழே இருப்பது வயிறு தள்ளும். "எட்டு பாட்டில் ஆர்டர் எங்க மேடம் பேலட்ல போகுது, கூரியர்ல தனியாத்தான போகும்" என்றார். கூரியர் வண்டியிலும் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் போகும் என்றேன். அவர் சரி மேடம் என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டார். விவாதம் அவ்வளவுதான், பத்து நிமிஷம்கூட இருக்காது.

எட்டைப் பன்னிரண்டின் பெட்டியில் போட்டால் நான்கு அறை காலி, மூன்றில் ஒரு பங்கு. அது என்னை உறுத்தாமல் இல்லை. ஆனால் கூரியர் கட்டணக் கணக்கில் அது இடிக்கவில்லை: பெட்டியின் பருமனையும் எடையாக மாற்றி, அதில் வருவதும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்; 40×30×15 சென்டிமீட்டரைப் பலரும் வகுக்கிற 5000-ஆல் வகுத்தால் 3.6 கிலோ, எட்டு பாட்டிலின் உண்மையான எடையே அதற்கு மேல். காலி இடத்துக்காக யாரும் கூடுதலாக ஒரு காசு கட்டப்போவதில்லை. இதை நிர்வாகக் கூட்டத்தில் காட்டியபோது யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் சார்ல் ரெனார்ட் கதையையும் சொன்னேன், வகைகளைக் குறைப்பதைப் பற்றிப் பேசும் யாரும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1870களில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் அவர், பலூன்களைக் கட்டும் கயிறுகளில் 425 வகை இருந்ததை 17 ஆகக் குறைத்தவர். அளவுகளைக் கூட்டிக்கூட்டிப் போகாமல் ஒரே விகிதத்தில் பெருக்கிக்கொண்டே போனால், சின்ன அளவோ பெரிய அளவோ, பொருந்தாமல் போகும் பங்கு எங்கும் ஒரே அளவில் நிற்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். இன்று ஐஎஸ்ஓ 3 என்ற சர்வதேசத் தரமாக இருப்பது அந்த வரிசைதான்: 10, 16, 25, 40, 63, 100. நல்ல கதை, கூட்டத்தில் நன்றாக எடுபட்டது. ஆனால் அந்த வரிசையில் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 1.6 மடங்கு, என்னுடையது இரண்டு மடங்கு. ரெனார்ட் வழியிலேயே போயிருந்தால் ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு படி வந்திருக்கும். அதை நான் ஸ்லைடில் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, பெட்டிக்கு பேலட் கணக்குதான் முதலில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதுவும் உண்மைதான். போகிறபோக்கில் இன்னொன்று: எடுத்துப்போட்ட அந்த 408 வகைக்குப் பதில் மிச்சமிருந்ததை வைத்து பலூனைக் கட்டியவர்களின் கை பற்றி அந்தக் கதையில் எதுவும் வராது.

பெட்டிகள் வந்தன. எட்டு பாட்டில் ஆர்டர் வரும்போது பேக்கிங் மேசையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். ஒரு ஓர வரிசையைக் காலியாக விடுவார்கள், எடை ஒரு பக்கம் சாயும் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. நான்கு மூலை அறைகளையும் காலியாக விட்டிருந்தார்கள். பாட்டில்கள் நடுவில் சிலுவை வடிவில் நின்றன. மூலை அறையில் சுருட்டிய காகிதம், தடுப்பு மடங்காமல் இருக்கும் அளவுக்கு மட்டும். எடை சமமாக இருந்தது, அதைவிட முக்கியம், கை தவறி விழும் பெட்டி மூலையில் இறங்கினால் அங்கே கண்ணாடியே இல்லை. யார் யோசனை என்று கேட்டேன், எல்லாரும் சேர்ந்துதான் என்றார் அண்ணா. எட்டுக்குச் சரியாகப் பொருந்தும் பெட்டி இருந்திருந்தால் எட்டில் நான்கு பாட்டில் மூலையில்தான் நின்றிருக்கும். ஆக, பொருந்தாத பெட்டியே எட்டுக்குப் பாதுகாப்பான பெட்டி ஆனது. இதை என் முடிவுக்கு ஆதரவாகச் சொல்லலாமா? சொல்லியிருக்கிறேன், பல இடங்களில். அந்த அமைப்பைப் படம் வரைந்து பேக்கிங் விதிமுறையில் சேர்த்தேன், 'தயாரித்தவர்' கட்டத்தில் என் பெயர் இருக்கிறது, அது எல்லா ஆவணத்திலும் வருகிற கட்டம்தான்.

அடுத்த ஆண்டுப் பட்டியல் வந்தபோது எட்டு இன்னும் குறைந்திருந்தது. உடைசலும் குறைவு. வகைகளைக் குறைத்ததால் வந்த நன்மை என்று கூட்டத்தில் காட்டினேன், அப்போதுதான் அண்ணா அந்த வரியைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் தற்செயலாக விற்பனைப் பிரிவில் ஒரு தம்பி போனில் பேசுவதைக் கேட்டேன். "எட்டு வேண்டாம் சார், ஒண்ணு ஆறு போடுங்க, இல்லேன்னா பன்னெண்டாவே எடுத்துக்கோங்க, பெட்டி அப்படித்தான் வருது." அவன்மேல் தப்பு எதுவும் இல்லை, பெட்டி நிரம்பிப் போவது அவனுக்கும் நல்லது, சில வாடிக்கையாளர்களுக்கும் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் எட்டு அரிது என்பதால் பெட்டி இல்லை என்று நான் சொன்னேன், பெட்டி இல்லாததால் எட்டு இன்னும் அரிதானது, அதை எடுத்து வந்து நான் சொன்னது சரி என்று நானே நிரூபித்தேன். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிவிட்டு செருப்பு சரியாக இருக்கிறது என்று சொன்ன மாதிரி. இல்லை, இது கொஞ்சம் அதிகம். யார் காலையும் யாரும் வெட்டவில்லை, எட்டு கேட்டவர் பன்னிரண்டு வாங்கினார், அவ்வளவுதான். எந்தப் பெட்டி போட்டாலும் அது ஓரளவு ஆர்டரை வளைக்கத்தான் செய்யும், முட்டை அட்டை வந்தபிறகு யார் பதினொன்று கேட்கிறார்கள்.

அண்ணாவுக்கு இது முன்பே தெரியுமா என்பதுதான் என் கேள்வி. எட்டு எங்கே போயிற்று என்று பேக்கிங் மேசையில் நிற்பவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே சொன்னார் என்றால் அது குத்தல்தான், அதுவும் அத்தனை பேர் முன்னால் யாருக்கும் புரியாதபடி வைத்த குத்தல். தெரியாமல் சொன்னார் என்றால் அவர் உண்மையாகவே என்னை நம்பிச் சொன்னார், அது இன்னும் சங்கடம். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: வேலை எளிதானதில் அவருக்கு நிம்மதி, பெட்டியால் குறைந்ததா ஆர்டரால் குறைந்ததா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. அவர் கேட்டது எட்டு அவர் கைக்கு வரும்போது சிரமம் கூடாது என்பதைத்தான். எட்டு வருவதே நின்றுவிட்டால் அவர் கேட்டது கிடைத்துவிட்டது. இந்த விளக்கம் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதால்தான் இதை நம்பத் தயக்கமாக இருக்கிறது. நேரில் கேட்டுவிடலாம். ஒரு முறை கேட்கப்போய் தடுப்பு அட்டையின் தடிமன் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இப்போது 70 மில்லிமீட்டர் பாட்டிலுக்கு அதே வேலை வந்திருக்கிறது. கையில் இருக்கும் பட்டியல் எல்லாம் அனுப்பிய எண்ணிக்கை, வாடிக்கையாளர் முதலில் கேட்ட எண்ணிக்கை எங்கும் பதிவாகவில்லை. ஆர்டர் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். அனுப்பியதுதானே கணக்கு, கேட்டது எதற்கு என்றார்கள், நியாயமான கேள்விதான். இப்போதைக்கு 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். சிலர் எழுதுகிறார்கள். பெட்டி வரைபடம் அதற்காகக் காத்திருக்க முடியாது, இந்த முறையும் நான்கு வகைதான், டைக்குக் கொடுத்தாயிற்று.