38 சதவீதம்

ஏப்ரல் 11, 2024, வியாழன்

லேப்டாப் மறுபடியும் அணைந்துவிட்டது. 38 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. கும்பாபிஷேக நோட்டீஸில் உபயதாரர் பெயர்கள் 64. மூன்றாவது முறையாக அடிக்கிறேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

மீனாட்சி கோயிலில் இன்று சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம். நாங்கள் ஆறு மணிக்கே அப்பாவின் டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரியில். அப்பாவுக்கு எடை 2.8 கிலோ கூடியிருக்கிறது, உடம்பில் தங்கிய தண்ணீர். "ஒரு டம்ளருக்கு மேல குடிக்கலத்தா" என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நான்கு மணி நேரம். அந்த ஹாலில் இருக்கும் பிளக்கெல்லாம் மெஷின்களுக்கு. வராந்தாவில் ஒன்றுதான், அதில் எப்போதும் யாருடைய போனாவது தொங்கும். லேப்டாப் இன்று 44-இல் அணைந்தது.

ஏப்ரல் 13, சனி

சூடுதான் காரணமோ என்று பின்மூடியைக் கழற்றி ஃபேன் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். சூடு குறைந்தது. அணைவது நிற்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. அம்மா மாங்காய்ப் பச்சடி செய்தாள்.

நாள் முழுக்க ஒன்றைக் கவனித்தேன். சும்மா டைப் அடித்தால் தாங்குகிறது. நோட்டீஸைப் பிடிஎஃப் ஆக்கும்போதுதான் அணைகிறது. மூன்று தடவை சார்ஜரைப் பிடுங்கிவிட்டுச் செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. கமாண்ட் பிராம்ப்டில் ஒரு வரி அடித்துப் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். 2019-இல் வாங்கியபோது 41,040 மில்லிவாட் அவர். இப்போது முழுதாக ஏற்றினாலும் 19,260. பாதிகூட இல்லை.

படித்ததில் புரிந்தது இது: பழைய செல்லுக்குள் தடை கூடிப்போகும். பிடிஎஃப் போடும்போது பிராசசர் ஒரே மூச்சில் கரண்டை இழுக்கிறது. அந்த இழுப்புக்கு வோல்டேஜ் சட்டென்று சரிகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனதும் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் சின்ன போர்டு இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. சேமிக்கச் சொல்லி விண்டோஸ் எச்சரிக்கக்கூட நேரமில்லை. ஆக, உள்ளே சார்ஜ் இருக்கிறது. கேட்கிற வேகத்துக்குக் கொடுக்கத்தான் முடியவில்லை.

இதைப் படித்ததிலிருந்து அதன் மேல் கோபம் இல்லை.

ஏப்ரல் 15, திங்கள்

நூறு வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டு, மறுபடி நிறுத்தாமல் நூறு. காலிபரேஷன். இதனால் ஆயுள் கூடாது. காட்டுகிற எண் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இரவு அப்பா தூங்கியதும் அவர் இடது முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில், விரல் வைத்துப் பார்த்தேன். அதிர்கிறது, ரத்தம் ஓடுகிறது. பூனை வயிற்றில் கை வைத்த மாதிரி.

ஏப்ரல் 16, செவ்வாய்

பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 100-லிருந்து 99 ஆக்கினேன். அந்த ஒரு எண்ணைக் குறைத்தால் டர்போ என்கிற அதிவேகம் நின்றுவிடுகிறது, திடீர் இழுப்பு இல்லை. வெளிச்சத்தையும் குறைத்தேன். ஹாலில் ஒரு மணி பத்து நிமிடம் ஓடி, 9 சதவீதத்தில் அணைந்தது. 9! ஒரு மணி பத்து நிமிடம் குறைவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று தெரிந்தால் வேலையை அதற்குள் முடித்துக்கொள்வேன்.

அப்பா எடை 3.1 கூடுதல். ஒரு டம்ளர்தானாம்.

ஏப்ரல் 17, புதன்

அப்பாவின் சொம்பில் மார்க்கரால் கோடு போட்டேன். ஒரு நாளைக்கு அதுவரைதான். அப்பா என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

கோடு அழிந்திருக்கிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் டயாலிசிஸுக்கு வருவேன் என்று ஒரே பிடிவாதம். மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கினேன். ஊசி இரண்டும் ஏறியிருக்கிற அதே கையில் விரல் மை. படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டச்பேடில் இடது பக்கம் அழுத்த இறங்கவில்லை. மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது. முன்பு ஆடியதில்லை.

ஏப்ரல் 20, சனி

டவுன்ஹால் ரோடு. கடைக்காரத் தம்பி மூடியைக் கழற்றியதும் கையை எடுத்துவிட்டார். மூன்று செல்லில் நடுவில் இருப்பது தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. மேலே சுற்றியிருந்த கறுப்புத் தாள் விறைத்துப் பளபளத்தது. "அக்கா, இதை இனிமே சார்ஜ் போடாதீங்க. குத்துப்பட்டா தீப்பிடிச்சிரும்." பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக நெம்பி எடுத்து மணல் டப்பாவில் தனியே வைத்தார்.

திங்கட்கிழமை முழுசாக இறக்கி ஏற்றினேனே, அதனாலா என்று கேட்டேன். அஞ்சு வருஷம், மதுரை வெயில், எந்நேரமும் சார்ஜர் மாட்டியே இருந்தது, அதுக்கா என்றார். இரண்டு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

புதுசு 3,400. புதன்கிழமை வரும். அதுவரை வயரில்தான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருக்கல்யாணம். டிவியில் பார்த்தபடியே அம்மா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். முடிந்ததும் அப்பா காலைத் தொட்டாள். அப்பா காலை இழுத்துக்கொண்டார், வீங்கியிருக்கிறது என்று.

ஏப்ரல் 22, திங்கள்

தேர். 11.40-க்குக் கரண்ட் போனது. பேட்டரி இல்லாததால் அந்த நொடியே இருட்டு. 51-ஆவது பெயர் வரை சேமித்திருந்தேன்.

நாளைக்கு அழகர் வைகை ஆற்றில் இறங்குவதால் பாலத்தைத் தாண்ட முடியாது என்கிறார்கள். ஆட்டோக்காரர் மூன்று மணிக்கே கிளம்பினால் ஆரப்பாளையம் பக்கம் சுற்றிப் போகலாம் என்றார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மூன்று மணிக்கே செல்லூர் விழித்திருந்தது. மொட்டைத் தலைகள், திரி, கொட்டு. அழகர் வேஷம் கட்டியவர்கள் தோல் பையோடு ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். சின்னப் பையன் ஒருவன் பையை அழுத்திப் பீய்ச்சினான். அப்பா முகம், சட்டை, என் மடி எல்லாம் தண்ணீர். கண்ணை மூடிக் கும்பிட்டார். உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எடை 1.9 தான். நான்கு நாளில் 1.9. சிஸ்டர் எடை மெஷினில் இரண்டாவது தடவை ஏறச் சொன்னார். அதே 1.9.

ஏப்ரல் 24, புதன்

பேட்டரி வந்துவிட்டதாகக் கடையிலிருந்து போன். மதியம் போகணும்.

காலையில் அப்பா கையில் விரல் வைத்தேன். அதிர்வு தெரியவில்லை. கொஞ்சம் மேலே வைத்தேன். அம்மாவை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஆட்டோ வந்துவிட்டது.