கவசம் செய்யத் தெரியாதவர் கவசம் அணியலாமா?

பலர் இணைந்து ஆடும் இணைய ரோல்-பிளேயிங் விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, பொருள்களைத் தாங்களே செய்துகொள்ளும் கிராஃப்டிங் கற்காமலேயே தங்கள் பாத்திரத்தை உயர்ந்த நிலைக்குக் கொண்டுசெல்ல முடியுமா என்பதைத்தான். தாது வெட்டுவதும் உருக்குவதும் அடிப்பதும் எல்லோருக்கும் பிடித்த வேலைகள் அல்ல என்பதால், அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு விளையாட்டில் பொருள்கள் தேய்ந்தோ உடைந்தோ அழிகின்றனவா, அழிந்ததை இன்னொரு ஆட்டக்காரரிடமிருந்து வாங்க வழி இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தபிறகே இதற்குப் பதில் சொல்ல முடியும் என்பது என் கருத்து. செய்யப்படும் பொருள் எவ்வளவு வலிமையானது என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

நான் நன்கு அறிந்த ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கும் ஜாகெக்ஸ் நிறுவனம், ரூன்ஸ்கேப்பின் 2007ஆம் ஆண்டுப் பிரதியை மீட்டெடுத்து 2013இல் தனி விளையாட்டாகத் திறந்தது. அதில் ரூன் பிளேட்பாடி என்ற மார்புக்கவசம் உண்டு. டிராகன் ஸ்லேயர் என்ற குவெஸ்டை, அதாவது கதைப் பணியை முடித்து, டிஃபென்ஸ் என்ற தற்காப்புத் திறனில் 40ஆம் லெவலை எட்டியவர் அதை அணியலாம். ஆனால் அதே கவசத்தைத் தம் கையால் செய்ய விரும்புபவருக்கு ஸ்மித்திங் என்ற கொல்லர் திறனில் 99ஆம் லெவல், அதாவது அந்தத் திறனின் உச்சவரம்பே வேண்டும். 40ஆம் லெவலை எட்ட 37,224 அனுபவப் புள்ளிகள் போதும். 99ஐ எட்ட 1,30,34,431 புள்ளிகள் தேவை. அணிபவர் செலுத்தும் உழைப்பைப் போல ஏறக்குறைய 350 மடங்கு உழைப்பைச் செய்பவரிடம் இந்த விளையாட்டு கேட்கிறது. அதற்கும் மேலாக, ரூன் என்ற உலோகத்தின் கட்டிகள் ஐந்து வேண்டும்; ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு ரூனைட் தாதும் எட்டு நிலக்கரித் துண்டுகளும் வேண்டும்; அந்தத் தாதை வெட்ட மைனிங் என்ற சுரங்கத் திறனில் 85ஆம் லெவல் வேண்டும்.

இவ்வளவு உழைத்துச் செய்த கவசத்தை அணிபவர் யார் என்று பார்த்தால்தான் உண்மையான சிக்கல் புலப்படும். ஸ்மித்திங்கில் 99ஐ எட்டிய ஒருவருக்கு அந்தக் கவசம் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனெனில் அதைவிடச் சிறந்தவற்றை அவர் அதற்குள் பெற்றிருப்பார். 40ஆம் லெவலில் இருப்பவரோ கடையிலோ, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தையிலோ ஒன்றை வாங்கிக்கொள்வார். ஒருமுறை வாங்கிவிட்டால் அது தேயாது, உடையாது, மறுமுறை வாங்க வேண்டிய தேவையும் இராது. பாஸ்கள் எனப்படும் பெரிய எதிரிகள் பலவும் வீழும்போது இதே ரூன் கவசங்களையும் ஆயுதங்களையும் உதிர்க்கின்றன. ஆகவே உலகில் கவசங்கள் குவிந்துகொண்டே போகின்றன. அந்தக் குவியலைக் கரைப்பது ஹை ஆல்கமி என்ற மந்திரம்: மேஜிக்கில் 55ஆம் லெவல் உள்ள எவரும் ஒரு ரூன் பிளேட்பாடியை 39,000 நாணயங்களாக மாற்றிவிடலாம். சந்தையில் அதன் விலை நெடுங்காலமாக இந்த எண்ணை ஒட்டியே நிற்பதற்குக் காரணம், அதை வாங்குபவர்களில் பலர் அணிவதற்காக வாங்குவதில்லை என்பதுதான். கொல்லர் அடித்த கவசம் ஒரு வீரனின் மார்பைக் காக்கப் போகாமல் நேரே நாணயமாகக் கரைகிறது. அந்த விளையாட்டின் மீது எனக்குள்ள அன்பு பெரிது. ஆயினும் இந்த ஓர் அமைப்பை நினைக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

இதே விளையாட்டில் ஹெர்ப்லோர் என்ற மருந்து தயாரிக்கும் திறனைப் பார்த்தால் நிலைமை முற்றிலும் வேறு. ரனார் என்ற மூலிகையையும் ஸ்னேப் புல்லையும் சேர்த்து, 38ஆம் லெவலில் பிரேயர் மருந்து தயாரிக்கலாம். பாஸ்களை எதிர்ப்பவர் தம்மைக் காக்கும் பிரார்த்தனைகளை அணையாமல் வைத்திருக்க இந்த மருந்தை மிடறு மிடறாகக் குடித்தாக வேண்டும். குடித்தது தீர்ந்துவிடும், அடுத்த போருக்கு மீண்டும் வேண்டும். அதனால்தான் பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு சாதாரணப் பிரேயர் மருந்துக்குச் சந்தையில் தேவை இருந்துகொண்டே இருக்கிறது, அதன் மூலப்பொருளான ரனார் விதைக்கும் இருக்கிறது. 99ஆம் லெவலில் செய்யும் கவசத்தைவிட 38ஆம் லெவலில் காய்ச்சும் மருந்து இந்த உலகுக்கு இன்றியமையாததாக இருப்பதன் காரணம், மருந்து பயன்பட்டு அழிகிறது, கவசம் அழிவதில்லை என்பதே.

எனினும் 'உலகுக்கு இன்றியமையாதது' என்பது வேறு, 'ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இன்றியமையாதது' என்பது வேறு. ஓல்டு ஸ்கூலில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் 2015இல் திறக்கப்பட்டபின், ஹெர்ப்லோரைத் தொடாத ஒருவர்கூட மருந்தை நொடியில் வாங்கிவிடலாம். போரில் ஈட்டிய நாணயமே அவருடைய கிராஃப்டிங் ஆகிவிடுகிறது. அந்தச் சந்தையை அகற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014 அக்டோபரில் வந்த அயர்ன்மேன் முறை காட்டியது. அயர்ன்மேன் கணக்கு வைத்திருப்பவர் யாரோடும் வாணிகம் செய்ய முடியாது. தமக்குத் தேவையான மருந்தைத் தாமே தயாரிக்க வேண்டும், அதற்கான மூலிகையைத் தாமே பயிரிட வேண்டும். விதைத்த மூலிகை வளர்ந்து முற்ற 80 நிமிடங்கள் ஆகும் என்பதால், நாள் முழுதும் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு ஓடுவதே அவருடைய வாழ்க்கை முறையாகிறது. அதே வரைபடம், அதே அரக்கர்கள், அதே எண்கள். வாணிகம் என்ற ஒன்றை எடுத்தவுடன், விருப்பமாக இருந்த கிராஃப்டிங் முன்னேற்றத்தின் முதுகெலும்பாகிவிடுகிறது. நான் அயர்ன்மேனை விரும்பி ஆடுவதற்குக் காரணமும் இதுதான்: அங்கே நான் சேகரிக்கும் ஒவ்வொரு விதைக்கும் ஒரு பயன் முன்கூட்டியே காத்திருக்கிறது.

வாணிகத்தையும் வைத்துக்கொண்டு, செய்பவருடைய தேவையையும் குறையாமல் காத்த விளையாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட ஈவ் ஆன்லைனைத்தான் சொல்வேன். அங்கே விண்கற்களை வெட்டி, டிரைட்டானியம், பைரைட், மெக்சலான் போன்ற கனிமங்களைப் பிரித்தெடுத்து, வரைபட உரிமத்தைக் கொண்டு கப்பல்களைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே. போரில் கப்பல் சிதறினால் அது போனது போனதுதான். காப்பீடு விலையின் ஒரு பகுதியை மட்டும் தரும். மாறாக, விமானியின் திறன்களோ அவர் விளையாட்டில் இல்லாத நேரத்திலும் உண்மைக் காலத்தோடு சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே தனிப்பட்ட பாத்திரத்தின் வளர்ச்சிக்கு அவர் ஒரு திருகாணியைக்கூடச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர் ஏறிச் செல்லும் ஒவ்வொரு கப்பலுக்குப் பின்னும் முகம் தெரியாத தொழிலாளர் ஒரு கூட்டமே இருக்கிறது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தில் நடந்த போரில், டைட்டன் என்ற மிகப் பெரிய வகைக் கப்பல்கள் 75 அழிந்தன. அந்தப் போரில் அழிந்தவை அனைத்தின் மதிப்பை நிறுவனம் ஏறக்குறைய 3 லட்சம் அமெரிக்க டாலர் என்று கணக்கிட்டது. செய்திகளில் எல்லோரும் போரைப் பற்றியே பேசினார்கள். அந்த 75 கப்பல்களும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, கூட்டணிகள் மாதக்கணக்கில் கனிமம் சேர்த்துக் கட்டியவை என்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

செய்பவரை இவ்வாறு நடுவில் வைத்த இன்னொரு விளையாட்டு, அதே 2003இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ். ராஃப் கோஸ்டரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட அந்த உலகில், ஒவ்வொரு கோளிலும் தோன்றும் கனிமங்களுக்கு வெவ்வேறு தர எண்கள் இருந்தன. சில நாள்களில் அந்தக் கனிம வளம் மறைந்துவிடும், அதே தரத்தில் திரும்ப வராது. நல்ல கனிமம் வந்த வாரத்தில் அதைச் சேர்த்துவைத்த ஆயுதத் தொழிலாளர், பல மாதங்கள் கழித்தும் வேறெவரும் செய்ய முடியாத துப்பாக்கியைச் செய்யலாம். ஆயுதங்கள் தேய்ந்ததால் போராளிகள் அவரிடம் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவருடைய பெயரே ஒரு முத்திரையாயிற்று. வாளேந்தாமல், ஓர் அரக்கனையும் கொல்லாமல், ஒருவர் அந்த உலகில் பெரும்புகழ் பெற முடிந்தது. அங்கே கிராஃப்டிங் என்பது பாத்திர வளர்ச்சிக்கு உதவும் துணைத் தொழிலாக நிற்கவில்லை, அதுவே ஒரு முழுப் பாத்திரத்தின் வளர்ச்சியாக இருந்தது. 2005 நவம்பரில் அதன் அமைப்பையே தலைகீழாக மாற்றிய ஒரு புதுப்பிப்பு வந்து, 30க்கும் மேற்பட்ட தொழில்களை 9 ஆகக் குறைத்தது. விளையாட்டு விரைவான சண்டையை நோக்கித் திரும்பியது. கடைகளும் பட்டறைகளும் வைத்திருந்தவர்களில் பலர் வெளியேறினார்கள். 2011 டிசம்பர் 15 அன்று அந்த உலகம் மூடப்பட்டது.

இதிலிருந்து, கிராஃப்டிங்கை எல்லோர் மீதும் சுமத்திவிட்டால் நல்லது என்ற முடிவுக்கு வருவது தவறு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டின் பர்னிங் குரூசேட் பதிப்புக் காலத்தில், தோல் தொழில் கற்றவர் மட்டுமே முழக்கக்கூடிய போர்முரசுகள் இருந்தன. அதை முழக்கினால் குழுவினர் அனைவரும் சிறிது நேரம் வேகமாகத் தாக்குவர். ஒருவருடைய முழக்கம் ஓய்ந்ததும் அடுத்தவர் முழக்கலாம் என்பதால், பலர் கூடிப் பெரிய எதிரிகளைத் தாக்கும் தீவிரமான ரெய்டுக் குழுக்களில் வீரர்கள் தங்களுக்குப் பிடித்த தொழிலைக் கைவிட்டுத் தோல் தொழிலுக்கு மாற வேண்டியதாயிற்று. தோலில் அழகான ஒன்றைச் செய்யும் ஆசையில் யாரும் அங்கே போகவில்லை. முரசு இல்லாதவருக்குக் குழுவில் இடமில்லை என்பதாலேயே போனார்கள். 2021இல் அந்தப் பதிப்பை மீண்டும் வெளியிட்டபோது, ஒரு முரசின் பயன் பெற்றவர் சிறிது நேரத்திற்கு இன்னொரு முரசின் பயனைப் பெற முடியாதபடி ஒரு தடையைச் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 2014இல் வந்த வார்லார்ட்ஸ் ஆஃப் டிரெய்னார் என்ற பதிப்பு, தொழில் கற்றவருக்கு மட்டும் கிடைத்துவந்த போர்ச் சலுகைகளை நீக்கியிருந்தது. இவ்விரண்டும் சரியான முடிவுகள் என்றே கருதுகிறேன். செய்பவருக்கு மதிப்புத் தர வேண்டுமானால் அவர் செய்த பொருளுக்கு மதிப்பு இருக்க வேண்டும்; தொழிலின் பெயரைத் தம் பாத்திரத்தில் எழுதிக்கொண்டதற்கே சலுகை தருவது அந்தத் தொழிலை ஒரு நுழைவுச்சீட்டாகத் தாழ்த்திவிடுகிறது.

ஃபைனல் ஃபேண்டஸி 14 இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. எட்டுக் கைத்தொழில்களையும் ஒரே பாத்திரத்தில் கற்கலாம். ஒவ்வொன்றும் போர்த்தொழில்களைப் போலவே தனி லெவலும் தனி உடையும் கொண்டது. முதன்மைக் கதையை முடிக்க எதையும் கற்கத் தேவையில்லை. அமைதியான அமைப்பு. இங்கே நீண்ட விவாதத்திற்கு இடமில்லை.

ரூன்ஸ்கேப்புக்குத் திரும்பினால், அங்கே கிராஃப்டிங்கைத் தவிர்க்க முடியாமல் செய்யும் இன்னொரு வழி குவெஸ்டுகள். ரெசிப்பி ஃபார் டிசாஸ்டர் என்ற குவெஸ்டை முழுமையாக முடித்தால்தான் பேரோஸ் கையுறை கிடைக்கும்; அதற்குக் குக்கிங்கில் 70, ஸ்மித்திங்கிலும், கிராஃப்டிங் என்றே பெயர் கொண்ட தனித் திறனிலும் 40 வீதம், ஹெர்ப்லோரில் 25 வேண்டும். சாங் ஆஃப் த எல்வ்ஸ் குவெஸ்டுக்கு ஸ்மித்திங், ஹெர்ப்லோர், கன்ஸ்ட்ரக்ஷன் என்ற கட்டுமானத் திறன் உள்ளிட்ட எட்டுத் திறன்களில் 70 வீதம் வேண்டும். செய்த பொருளைக் கேட்காமல் லெவலை மட்டும் கேட்கும் இந்த வாயில்கள் எனக்கு முழு நிறைவைத் தருவதில்லை. 70ஐ எட்டியவுடன் அந்தத் தொழிலை மறந்துவிடுபவர்களே மிகுதி. ஆனால் சாங் ஆஃப் த எல்வ்ஸை முடித்தவருக்குத் திறக்கும் கான்ட்லெட் என்ற சவால், இந்தக் குறையைத் தானே ஈடுசெய்கிறது. அதற்குள் எவரும் வெறுங்கையோடுதான் நுழைய வேண்டும். பத்து நிமிடங்களுக்குள் மரமும் தாதும் நாரும் மூலிகையும் மீனும் சேகரித்து, தமக்கு வேண்டிய கவசம், ஆயுதம், மருந்து, உணவு அனைத்தையும் தாமே தயாரித்து, அவற்றோடு ஹன்லெஃப் என்ற விலங்கை எதிர்கொள்ள வேண்டும். கடினமான வடிவத்தில் ஏழரை நிமிடங்களே கிடைக்கும். வெளியே வரும்போது எதுவும் மிஞ்சாது. கவசத்துக்கு அதிக நேரம் செலவிட்டால் உணவு குறையும், ஆயுதத்தை முழுத்தரத்துக்கு உயர்த்தினால் கவசம் மெலியும் என்ற இந்தக் கணக்கில், செய்தல் போரிலிருந்து பிரிக்க முடியாததாகிறது. நான் அறிந்தவரையில் கிராஃப்டிங்கை எல்லோருக்கும் கட்டாயமாக்கி, அதே நேரத்தில் யாரையும் சலிப்படையச் செய்யாத அமைப்பு இதுவே.

மறுபுறம், ரூன்ஸ்கேப்பின் மற்றொரு கிளையான நவீனப் பதிப்பில் 2019 ஜனவரியில் மைனிங்கையும் ஸ்மித்திங்கையும் அடியோடு மாற்றியமைத்தார்கள். ரூன் கவசத்தைச் செய்யத் தேவையான லெவல் 99இலிருந்து 50ஆக இறங்கியது; அதற்குமேல் புதிய உலோகங்கள் சேர்க்கப்பட்டன; 99இல் மாஸ்டர்வொர்க் என்ற, உண்மையிலேயே அணியத் தகுந்த உயர்தரக் கவசத்தைச் செய்ய முடிந்தது. செய்பவரின் லெவலும் அணிபவரின் லெவலும் ஒன்றையொன்று நெருங்கின. ஓல்டு ஸ்கூல் ஆட்டக்காரர்கள் பழமையை விரும்பி வந்தவர்கள், அங்கே பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் வாக்கெடுப்பு வழியாகவே வரும். ஆயினும் இதைப் போன்ற ஒன்றுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு வந்தால் நான் தயங்காமல் ஆதரிப்பேன்.

அதுவரை, ஓல்டு ஸ்கூலில் புதிதாகக் கணக்குத் தொடங்கி, கிராஃப்டிங்கில் ஆர்வமில்லை என்று சொல்பவருக்கு நான் கூறுவது இவ்வளவுதான். ரூன் கவசத்தைச் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்மித்திங்குக்காகச் சுரங்கத்தில் நாள்களைக் கழிக்க வேண்டாம். நைட்ஸ் சோர்ட் என்ற குவெஸ்டை முடித்தால் ஸ்மித்திங்கில் 12,725 அனுபவப் புள்ளிகள் கிடைத்து, 1ஆம் லெவலிலிருந்து நேரே 29ஐ எட்டிவிடலாம். ஹெர்ப்லோரை மட்டும் பிரேயர் மருந்து காய்ச்சும் 38ஆம் லெவல்வரை சிறுகச் சிறுக வளர்த்துக்கொள்ளுங்கள். என்றேனும் அயர்ன்மேன் கணக்குத் தொடங்க மனம் வந்தால், கவச ஆசையை ஒத்திவைத்துவிட்டு ரனார் விதைகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். அதைப் பயிரிட ஃபார்மிங்கில் 32 வேண்டும்.