பயமாக இருக்கிறது என்று சொன்னவள்

2019-இல் வந்த 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பார்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: முதல் சீசனின் 24-ஆவது எபிசோட் வரை விட்டுவிடாதீர்கள்.

நட்சுகி தகாயா 1998 முதல் 2006 வரை வரைந்த மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வைத்து எடுத்தது அது. சோமா குடும்பத்தில் சிலருக்கு ஒரு சாபம் உண்டு. எதிர்பாலினத்தில் வெளியார் யாராவது கட்டிப்பிடித்தால், சீன ராசிச் சக்கரத்தில் தங்களுக்குரிய விலங்காக மாறிவிடுவார்கள். அம்மாவை இழந்து கூடாரத்தில் தங்கியிருந்த டோரு என்ற பள்ளி மாணவி அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். ஆரம்பத்தில் எல்லாம் கலகலப்புதான். தடுக்கி விழுந்தால் எலி, ஓடி வந்து அணைத்தால் முயல்.

அப்புறம்தான் அந்தச் சாபத்தின் கனம் உறைக்கும். முயலாக மாறும் மொமிஜியைப் பெற்ற தாயால் அவனை ஏற்க முடியவில்லை. தன் நினைவிலிருந்தே அவனை அழித்துவிடச் சொல்லிவிட்டாள். இப்போது அவளுக்கு அவன் யாரோ ஒரு பையன். அவனுக்கோ எல்லாம் தெரியும், தெரிந்தும் சிரித்த முகமாகவே இருக்கிறான். எத்தனை தடவை பார்த்தாலும் இந்தக் கதை வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

சரி, அந்த 24-ஆவது எபிசோட். சோமா குடும்பத்துப் பையன் கியோ, பூனையாக மாறுகிறவன். பன்னிரண்டு விலங்குகளில் பூனைக்கு இடமில்லை என்பதால் குடும்பத்தில் அவனுக்கும் மதிப்பில்லை. கையில் எப்போதும் ஒரு மணிக்காப்பு. அதைக் கழற்றினால் அழுகல் நாற்றத்தோடு ஒரு கோரமான உருவம் வெளிப்படும். அவன் அம்மா உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்பாள். ஆனால் காப்பு கையில் இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள், வெளியே விடமாட்டாள். பயம் என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வந்ததே இல்லை.

டோரு அந்த உருவத்தைப் பார்த்துவிடுகிறாள். வயிற்றைப் புரட்டுகிறது, உடம்பு நடுங்குகிறது. அவன் காயப்படுத்தித் துரத்துகிறான். அவள் மறுபடியும் மழையில் தேடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறாள். அதோடு, சேர்ந்து வாழ வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றும் சொல்கிறாள். கியோ அம்மாவிடம் ஏங்கியது இதற்குத்தான்.

எனக்கு முழங்கைகளில் சொரியாசிஸ் உண்டு. வருஷக்கணக்கில் முழுக்கைச் சட்டைதான். "ஒண்ணுமே தெரியல, விடு" என்று சொன்னவர்கள் எல்லாரும் என்மேல் பாசமுள்ளவர்கள்தான். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. ஒருத்தி மட்டும் அந்த இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "பார்க்கவே கஷ்டமா இருக்கு, ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள். அன்றுதான் வலியைப் பற்றி வாய்விட்டுப் பேசினேன். கியோவின் கையை டோரு பிடிக்கும் இடத்தில் நான் ஏன் அப்படி அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

டோரு அளவுக்கு மீறி நல்லவள், அதனால் நம்ப முடியவில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பயமே இல்லாமல் போய் நின்றிருந்தால் அப்படிச் சொல்லலாம். அவள் நடுங்கிக்கொண்டேதான் போகிறாள்.

2001-இல் வந்த 26 எபிசோட் தொடரிலும் இந்தக் காட்சி உண்டு. ஆனால் மங்கா முடிவதற்கு முன்பே எடுக்கப்பட்டதால் அதில் கதை பாதியில் நின்றுவிடும். கியோவும் டோருவும் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், 2019-இல் தொடங்கி 2021-இல் முடிந்த 63 எபிசோட் தொடரைப் பாருங்கள்.