எண்பது வருடத் தடம்

"அப்பா, இங்க ரோடு இருந்துச்சா?"

மகள் கை காட்டிய இடத்தில், புதர்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் நேராக ஓடின.

ரோடு இல்லை. டாங்கித் தடம். 1942-லிருந்து 1944 வரை, அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பாட்டன் தொடங்கிய போர்ப் பயிற்சி கலிஃபோர்னியாவின் இந்த மொஹாவி பாலைவனத்தில்தான் நடந்தது. இன்னும் அழியவில்லை.

குனிந்து பார்த்தேன். தடத்துக்கு வெளியே மண்மேல் கறுப்பாக, சொரசொரவென்று ஒரு பொருக்கு, சட்டியில் பிடித்த அடிப்பொருக்கு மாதிரி. நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து உண்டாக்கிய, உயிருள்ள பொருக்கு அது. காற்றில் மண் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். தடத்துக்குள் வெறும் மண்.

1994-ல் கலிஃபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காப்புவனமாக, அதாவது இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டிய இடமாக, அறிவித்த பகுதிக்குள் சுற்றுலா வண்டிகள் நுழையக் கூடாது. ஆனால் பாலைவனத்துக்கு ஏது கதவு? எந்தப் பாதையை மூடுவது, வண்டியை எங்கே நிறுத்தச் சொல்வது என்று இடம் இடமாகத் திட்டம் போட வேண்டியிருக்கிறது.

அதில் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய வண்டித்தடத்தின் வாயில் காய்ந்த செடிகளை நிமிர்த்தி நட்டு வைக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்குப் பாதையே தெரியாது. காற்றில் வரும் விதையும் அங்கே தங்கும்.

திரும்பும்போது மகள் கல்லுக்குக் கல் தாவித்தான் வந்தாள். மண்ணில் கால் வைக்கவே இல்லை.