15 மீட்டரில் கேபின் காற்று என்ன ஆகும்?

அடிப்பக்கம் திறந்திருக்கும் ஆம்பியன்ட் பிரஷர் நீர்மூழ்கியில் உள்ளே காற்றழுத்தமும் வெளியே நீரழுத்தமும் ஒன்றுதான். கடல்மட்டத்தில் 1 பார் (அழுத்த அலகு), ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கூடுதலாக 1 பார். சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவுப் பக்கம் 15 மீட்டர் இறங்கினால் 2.5 பார்.

1,000 லிட்டர் கேபின் காற்று அங்கே 400 லிட்டராகச் சுருங்கிவிடும். மீதி இடத்தில் தண்ணீர் ஏறும், 600 கிலோவுக்கு மேல் மிதப்பு போய்விடும். ஆபத்தே இதுதான்: மிதப்பு குறைய வேகமாக இறங்கும், இறங்க இறங்க இன்னும் குறையும். அதனால் இறங்கும்போதே சிலிண்டர் காற்றை உள்ளே திறந்துவிட்டு, கேபினுக்குள் நீர்மட்டத்தை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபிறகு வால்வைத் தேடுவது லேட்.

கணக்கு பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார்: கடல்மட்ட அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று. கேபினை ஈடுகட்டவே 1,500 காலி. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 50 தேவை. இரண்டு பேருக்கு மிச்சம் ஒன்பதே நிமிடம், ரிசர்வ் இல்லாமல்! கார்பன் டைஆக்சைடை வெளியேற்றும் காற்று தனி.

ஏறும்போது உபரிக் காற்று அடிவழியே தானாக வெளியேறும். பாதி நிரம்பிய பல்லாஸ்ட் டேங்கை (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் தொட்டி) மட்டும் விடாமல் வென்ட் செய்து காற்றை வெளியே விடுங்கள், இல்லையேல் ராக்கெட் மாதிரி மேலே பாயும். கடைசி 10 மீட்டரில் நுரையீரல் காற்றும் இரட்டிப்பாகும், மூச்சை அடக்கவே கூடாது.