வளைந்து போகும் கோடு

"அங்கிள், பிளேன் வழி தவறிடுச்சா?"

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குத் திரும்பும் விமானம். பக்கத்து இருக்கைச் சிறுமி திரையைக் காட்டினாள். நேர்கோடாக அட்லாண்டிக்கைத் தாண்டாமல், பாதை வடக்கே வில் மாதிரி வளைந்திருந்தது.

அவள் கையில் ஒரு சின்னப் பந்து. இயர்போன் ஒயரை அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்துப் பிடித்துக் காட்டினேன். உருண்டையின் மேல் அதுதான் மிகக் குறுகிய வழி. அதைத் தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வளைந்து தெரியும், அவ்வளவுதான்.

பந்தை வாங்கி அவளும் இழுத்துப் பார்த்தாள். ஒயர் வழுக்கிக்கொண்டே இருந்தது.

என் கண் திரையில் இருந்த வேகத்தின் மேல். மணிக்கு 1,040 கிலோமீட்டர். போகும்போது 820-ஐத் தாண்டவே இல்லை. தூரம் அதேதான், சுமார் 5,500 கிலோமீட்டர். ஆனால் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், வர ஏழுகூட இல்லை.

இன்ஜின் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று (jet stream) பின்னாலிருந்து தள்ளுகிறது. போகும்போது அதே காற்று எதிரே. 2020 பிப்ரவரியில், புயல் நேரத்தில், ஒரு போயிங் 747 விமானம் இதே வழியை ஐந்து மணி நேரத்துக்குள் கடந்தது! (கூகுளில் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் காற்றை மறந்துவிடுகிறோம்.)

இதையும் அவளிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ எதிர்க்காத்துல போனதுக்கு டிக்கெட் காசைக் குறைச்சாங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.