வடக்கு ஜன்னல் ஓரத்துத் தொட்டி

2024 ஜூன் 9, ஞாயிறு

தண்ணீர்ச் செடிகள் வளர்க்க மீன் தொட்டி வந்துவிட்டது. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 42 லிட்டர் பிடிக்கும், ஆனால் அடியில் இரண்டு அங்குலம் மணல், மேலே ஓர் அங்குலம் காலி என்று விட்டால் உண்மையில் 32 லிட்டர்தான் நிற்கும். ஹாலில் வடக்கு ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். அந்த ஜன்னலுக்கு நான்கடி தள்ளிப் பக்கத்து அபார்ட்மென்ட் சுவர், அதனால் பட்டப்பகலிலும் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்க லைட் போட வேண்டும்.

மீன் வளர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் உடனே பெரிய லைட் வாங்கச் சொல்கிறார்கள், கூடவே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், பாட்டில் பாட்டிலாக உரம். அப்புறம் வாராவாரம் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டும். எனக்கு அந்த வேலையே வேண்டாம். இந்த மூலைக்கு எது ஒத்துவருமோ அது போதும்.

கையில் இருப்பது 9 வாட் எல்இடி பல்பு, 6500 கெல்வின், அட்டையில் 900 லூமென் (வெளிச்ச அளவு) என்று போட்டிருக்கிறது. பல்பு நாலா பக்கமும் அடிப்பதால் பாதிதான் தண்ணீருக்குள் இறங்கும் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 14 லூமென் வருகிறது. செடி வளர்ப்பவர்கள் லிட்டருக்கு 10 முதல் 20 வரையிலானதைக் குறைந்த வெளிச்சம் என்கிறார்கள். தோராயம்தான், தொட்டி ஆழமானால் மாறிவிடும். ஆனாலும் எதையெல்லாம் வாங்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்: தரையில் புல்வெளி மாதிரி படரும் குட்டிச் செடிகள் எல்லாம் வேண்டாம், சிவப்பு இலைகள் வேண்டாம் (அந்தச் சிவப்பு நிறமி நல்ல வெளிச்சத்தில்தான் ஊறும், இங்கே வந்தால் பச்சையாகி இளைத்துப்போகும்), கபோம்பாவும் வேண்டாம். கபோம்பா எல்லாக் கடையிலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும், பார்க்க அழகு, ஆனால் இருட்டில் வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீண்டுகொண்டே போய்க் கீழ் இலைகளைக் கொட்டிவிடும். 2020இல் கேரளாவில் ஆவளப்பாண்டியில் ஒரு கால்வாய் முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்து ஊரே போய்ப் படம் எடுத்ததே, அதுவும் கபோம்பாதான், தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. நல்ல வெயில் விழும் கால்வாயில் அப்படிப் பூக்கிறதே என்று பார்த்து வாங்கினால் என் ஹாலில் ஒன்றும் நடக்காது.

2024 ஜூன் 12, புதன்

வெளிச்சத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், சூட்டை மறந்தால் ஆகாது. அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் மதியம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. இணையத்தில் கிடைக்கும் 'குறைந்த வெளிச்சச் செடிகள்' பட்டியல்களில் பெரும்பாலானவை ஹீட்டர் வாங்கி 24 டிகிரியில் நிறுத்தி வைக்கும் ஊர்க்காரர்கள் எழுதியவை. அவற்றை அப்படியே சென்னைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. புசெபாலண்ட்ரா என்று ஒரு போர்னியோச் செடி, ஓடைப் பாறைகளில் குளிர்ந்த நீர் ஓட்டத்தில் ஒட்டி வளர்வது, இருட்டைத் தாங்கும், ஆனால் இந்தச் சூட்டில் நன்றாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. விலையும் அதிகம். அடித்துவிட்டேன்.

தண்ணீரையும் பார்த்தேன். போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 780, மெட்ரோ தண்ணீர் 310. மெட்ரோதான். வாளியில் ஒரு ராத்திரி வைத்து, குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் விட்டு ஊற்றப் போகிறேன். உப்புத் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீடென்றால் வாலிஸ்னேரியாவை யோசிக்கலாம். நாடா மாதிரி நீண்ட இலை உள்ளது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளத் தெரிந்த செடி, அதனால் கடின நீரில் குஷியாக வளரும். ஜாவா பாசி மாதிரிப் பாசிச் செடிகளுக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் என் தொட்டி உயரம் ஓரடி. வாலிஸ்னேரியா அதைத் தாண்டி வளர்ந்து, மேலே மடங்கிப் பாய் விரித்து, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்துக்கொள்ளும். மேலே மிதக்கிற செடிகளும் இதே காரணத்துக்காக இல்லை, ஆகாயத்தாமரை உட்பட.

2024 ஜூன் 16, ஞாயிறு

கொளத்தூர், சென்னையில் மீன் கடைகள் நிறைந்த இடம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம், மீன் கவரைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிற குழந்தைகள் மீது மோதாமல் நடக்கவே முடியவில்லை.

முதலில் நுழைந்த கடையில் செடித் தொட்டி பளபளவென்று இருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர்ச் செடியே இல்லை. மாண்டோ புல், லக்கி பேம்பூ, சிங்கோனியம் எல்லாம் வரிசையாக முங்கி நிற்கின்றன. இவை மூழ்கினால் உடனே சாகாது, சில வாரம் அப்படியே விறைப்பாக நின்றுவிட்டு அப்புறம் மெதுவாக அழுகும், அதற்குள் கடைக்காரருக்குக் காசு வந்துவிடும். 'இது தண்ணியிலயே வளருமா?' என்று கேட்டால் 'சூப்பரா வளரும் மேடம்' என்றார். வெளியே தூக்கிப் பார்த்தால் ஓரளவு தெரியும்: தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடி கையில் எடுத்ததும் துவண்டு விழும், தரைச் செடி கம்பீரமாக நிற்கும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது, நான் வாங்க நினைத்திருந்த நிழல் தாங்கும் தண்ணீர்ச் செடிகளான அனுபியாஸும் கிரிப்டோகோரைனும் நர்சரியில் வெளிக்காற்றில் வளர்ந்து வருவதால் அவையும் நிமிர்ந்துதான் நிற்கும். பெயர் தெரிந்துகொண்டு போவதுதான் ஒரே வழி.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை. அங்கே இருந்த பையன் தொட்டி அளவையும் லைட்டையும் கேட்டுவிட்டு, நான் கையில் வைத்திருந்த அமேசான் ஸ்வார்டு செடியை வாங்கித் திரும்ப வைத்துவிட்டான். "அக்கா, இது ஒன்றரை அடி வரும், ஒங்க தொட்டிக்கு இது ஒண்ணே போதும், வேற எதுக்கும் எடம் இருக்காது." வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளும் பையன்களை எனக்குப் பிடிக்கும், அங்கேயே வாங்கினேன். அனுபியாஸ் நானா 150 ரூபாய், ஜாவா ஃபெர்ன் 100, கிரிப்டோகோரைன் வென்ட்டீ இரண்டு தொட்டிச் செடி 160, ஜாவா பாசி ஒரு கைப்பிடி 60. அனுபியாஸ் வாங்கும்போது இலையை விட அதன் கிழங்குத் தண்டைத்தான் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், கொழகொழவென்று இருந்து நாற்றம் வந்தால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம்.

2024 ஜூன் 17, திங்கள்

நேற்று ராத்திரி நத்தைக்குப் பயந்து படிகாரத் தண்ணீரில், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு மணி நேரம் ஊற வைத்து அலசினேன். முட்டைகள் தப்பிக்கலாம். பார்ப்போம்.

நடும்போது அப்பா பக்கத்தில் நின்றார். மொட்டை மாடியில் நாற்பது குரோட்டன்ஸ் வளர்த்தவர், சும்மா நிற்க மாட்டார். அனுபியாஸைக் கருப்பு நூலால் ஒரு கல்லில் கட்டுவதைப் பார்த்ததும், "செடியை மண்ணுல வைக்காம கல்லுல கட்டுறியே, பட்டினியா கிடக்கும்மா" என்றார். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் கிழங்குத் தண்டு மணலுக்குள் புதைந்தால் அழுகிவிடும், சாப்பாடு தண்ணீரிலிருந்தே வரும், மீன் கழிவு போதும் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. கிரிப்டோகோரைனை மணலில் நட்டு வேருக்கடியில் உர மாத்திரை வைத்தபோதுதான் முகம் தெளிந்தது. அது வேரால் சாப்பிடும் ஜாதி.

அனுபியாஸ், கிரிப்டோகோரைன், அப்பா பால்கனியில் வைத்திருக்கும் மணி பிளான்ட், மூன்றும் சேப்பங்கிழங்குக் குடும்பம். கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றின் இலையிலும் உண்டு. காட்டு நிழலில், ஓடைக்கரையில், பெரிய மரங்களுக்குக் கீழே வாழ்ந்து பழகிய கூட்டம், என் வடக்கு ஜன்னல் அவற்றுக்குப் புதிதில்லை.

2024 ஜூன் 27, வியாழன்

கிரிப்டோகோரைன் கரைகிறது. இலைகள் ஓரத்திலிருந்து கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் குழைந்து கையோடு வருகின்றன. இதற்குத் தயாராகத்தான் இருந்தேன், ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை. பிடுங்கி எறிந்துவிடலாமா என்று அப்பா கேட்டார். கூடாது.

நர்சரியில் காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் வேலை செய்யாது, அதனால் செடி அதைக் கைவிட்டுவிட்டு வேரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு புது இலை விடும். நான் வாங்கிய வென்ட்டீ வகைக்குச் சொந்தக் காடு இலங்கை மட்டுமே. மழைக்காலத்தில் ஓடை ஏறி மூழ்கடிக்கும், வெயிலில் இறங்கி வெளியே விடும். இந்த மாற்றத்துக்குப் பழகிய செடிதான், நம்மைத்தான் பழக்க வேண்டியிருக்கிறது. அழுகிய இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், இல்லையென்றால் அம்மோனியா ஏறும். வேரைத் தொடவில்லை.

இதன் உறவுக்காரச் செடி ஒன்று நம் பக்கத்து ஓடைகளிலும் வயல்களிலும் உண்டு, கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ். அதன் கிழங்கைத்தான் நாட்டு மருந்தில் நாட்டு அதிவிடயம் என்று சேர்க்கிறார்கள். அப்பாவிடம் சொன்னதும் ஆள் மாறிவிட்டார். சின்ன வயதில் வயிற்றுப்போக்குக்கு அவருடைய பாட்டி உரைத்துக் கொடுத்ததாம். இப்போது அந்த மொட்டை வேருக்குக் காலையும் மாலையும் அவர்தான் காவல்.

2024 ஜூலை 14, ஞாயிறு

கண்ணாடியில் பழுப்புத் தூள். டயட்டம், புதுத் தொட்டியில் வழக்கமாக வருவது. கார்டால் சுரண்டினால் போகிறது. அனுபியாஸ் இலையில்தான் வருத்தம், பச்சைப் புள்ளிகள் ஒட்டியிருக்கின்றன. ஒரே இலையை மாதக்கணக்கில் வைத்திருக்கும் செடி, மெதுவாக வளர்வதன் விலை இது. மேல்வீட்டு அண்ணா 20 வாட் பல்பு போட்டால் செடி வேகமாக வளர்ந்து இந்தப் புள்ளிகளை உண்டாக்கும் ஆல்காவை ஜெயித்துவிடும் என்கிறார். கார்பன் டை ஆக்சைடு ஏற்றாத தொட்டியில் கூடுதல் வெளிச்சத்தைச் செடியால் அவ்வளவாகப் பயன்படுத்த முடியாது, ஆல்காதான் சாப்பிடும். நான் எதிர்ப்பக்கம் போனேன்: டைமரில் எட்டு மணி நேரத்தை ஆறாக்கி, அனுபியாஸ் கல்லை ஃபெர்னின் நிழலுக்குள் தள்ளி வைத்தேன்.

ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்பு மேடுகள். நோயில்லை, வித்துப் பைகள்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

கிரிப்டோகோரைன் வந்துவிட்டது, இரண்டு செடியிலும். புது இலை பழையதை விட ஒடுக்கம், நிறமும் அழுத்தமான பழுப்புப் பச்சை, அலை அலையாக ஓரம். கடையில் பார்த்த செடியா என்றே சந்தேகம் வரும். அப்பா இரண்டு பேருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

நீல ஃபைட்டர் மீன் ஒன்று விட்டிருக்கிறோம், ஸ்பான்ஞ் ஃபில்டரை மெதுவாக வைத்து. ராத்திரி அனுபியாஸ் இலை மேல் படுத்துத் தூங்குகிறது. பால்கனி மணி பிளான்ட்டிலிருந்து ஒரு கொடியை வெட்டி, வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொட்டி ஓரத்தில் சொருகினேன். இலை வெளியே இருப்பதால் கார்பனுக்குப் பஞ்சமில்லை, நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். இந்தத் தொட்டியிலேயே வேகமாக வளர்வது அதுதான், செலவும் இல்லை.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

ஜாவா பாசி போய்விட்டது. பழுப்பாகி, தூசி பிடித்து, நடுவில் சொதசொதவென்று. கொஞ்சம் பச்சையாக இருந்ததை மட்டும் ஒரு டப்பாவில் சமையலறை நிழலில் வைத்திருக்கிறேன். இந்தச் சூட்டில் பாசியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், முதல் பட்டியலில் எல்லோரும் எழுதுவதாக இருந்தாலும். அந்த இடத்தில் கிரிப்டோகோரைன் பக்கக்கன்று விட்டதும் அதையே நடப் போகிறேன்.

ஜாவா ஃபெர்ன் இலை நுனியில் வேரோடு குட்டி இரண்டு. ஒன்று கழன்று மிதந்தது, மேல்வீட்டு அண்ணாவுக்குக் கொடுத்தேன், 20 வாட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள் என்று சொல்லித்தான். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் புசெபாலண்ட்ரா எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கொளத்தூரில் அந்தப் பையனிடம் இருக்கிறது, தண்ணீர் 26 டிகிரிக்கு இறங்கும் மார்கழி வரைக்கும் பொறுங்கள் என்றேன். அதற்குள் விலையும் கொஞ்சம் இறங்கினால் நானும் ஒன்று வாங்குவேன்.